இஞ்சினுக்குப் பூசிய திருநீறு

வண்டி ஓட்டத் தெரிந்த ஒவ்வொருவனுக்கும் வண்டி வேலையும் தெரியும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. சோறு தின்னத் தெரிந்தவனெல்லாம் சமையல்காரன் என்பதுபோலத்தான் இதுவும். ஆனால் சோற்று விஷயத்தில் வீட்டில் இருப்பவர்கள் தடுத்துவிடுவார்கள். வண்டி விஷயத்தில் ஸ்பேனரைக் கையில் எடுத்தவனைத் தடுக்க யாருக்கும் தைரியம் வருவதில்லை.

எனக்கு அந்த நம்பிக்கை அளவுக்கு மீறி இருந்தது. அதை இறக்கிவைக்க ஒரு டப்பா விபூதியும், ஒரு புது வேட்டியும், திருத்தணி மார்க்கெட்டில் பாதி ஜனமும் தேவைப்பட்டன.

வண்டி என்னுடையதல்ல, நைனாவுடையது. (எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம், அக்கா புருஷனைப் பாவா என்போம். ஆந்திரா கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது வேறு எப்படிக் கூப்பிடுவது?) எங்கள் வீடு திருத்தணியில், நிலம் கே.ஜி.கண்டிகையில். நைனா தினமும் காலையில் அந்த வண்டியில்தான் நிலத்துக்குப் போவார். திரும்பி வரும்போது பின்சீட்டில் சில நாள் கத்தரிக்காய் மூட்டை, சில நாள் புல்லுக்கட்டு, சில நாள் அம்மா. மூன்றையும் அதே வேகத்தில்தான் கொண்டுவருவார். காலையில் பல் விளக்கிய கையோடு வண்டியை ஒரு பழைய துண்டால் துடைப்பார். வண்டிக்கு அவர் செய்த வைத்தியம் அவ்வளவுதான். மற்றதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவார். அதனாலேயே அது நன்றாக ஓடியது என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

நான் பி.காம். படித்துவிட்டுச் சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தினமும் மின்சார ரயிலில் போய் வருவேன். போகும்போது தூக்கம், வரும்போது செல்போனில் வண்டி பழுதுபார்க்கும் வீடியோ. கார்புரேட்டர், கிளட்ச், பிரேக் என்று எல்லாவற்றையும் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தபடியே கழற்றி மாட்டியிருக்கிறேன். கையில் மட்டும் ஒரு நாளும் கறை பட்டதில்லை.

இந்த நிலைமையில்தான் அம்மையார்குப்பத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். அவர்களும் எங்களைப்போல விவசாயக் குடும்பம்தான். மழை ஏமாற்றிய ஏதோ ஒரு வருஷத்தில் வீட்டிலேயே விசைத்தறி போட்டு, அதுவே பிழைப்பாகிவிட்டது. நாங்கள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய் இறங்கிவிட்டோம். பெண் தறிக் கொட்டகையில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். பெயர் மோகனா. அவசரமாகப் புடவை மாற்றி வந்து உட்கார்ந்தபோதும் தலைமுடியில் அங்கங்கே நூல் பஞ்சு ஒட்டியிருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? அந்தப் பஞ்சைப் பார்த்த நிமிஷமே பிடித்துவிட்டது.

அவள் அப்பா பெயர் தணிகாசலம். அதிகம் பேசாதவர். என் சம்பளம், வேலை எதிலும் அவருக்குப் பெரிய ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை. கடைசியில்தான் வாயைத் திறந்தார்.

"தம்பிக்கு வேற இன்னா பழக்கம்?"

கெட்ட பழக்கத்தைத்தான் கேட்கிறார் என்று பதறிப்போனேன்.

"வண்டி வேலைங்க" என்று உளறிவிட்டேன். "வண்டியில எந்த வேலன்னாலும் நானே பாத்துக்குவேங்க. மெக்கானிக் கிட்ட உடறதே இல்ல."

பக்கத்தில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த நைனாவுக்குப் புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

தணிகாசலம் முகம் மலர்ந்துவிட்டது. "அப்புடியா! கைவேல தெரிஞ்ச பையன். தறி நின்னுபோச்சின்னா ஆளு வர்ற வரைக்கும் வாசலப் பாத்துகினு உக்காந்திருக்கறோமே, அந்தக் கஷ்டம் எங்களுக்குத்தான் தெரியும்" என்றார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கணக்கு எழுதும் கை, பூனைக்குட்டி வயிறு மாதிரி இருந்தது. "வர்ற கிருத்திகைக்கு மறுநாளு வீடு பாக்க வர்றேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து உங்க வண்டியிலயே இட்டுனு போங்க தம்பி" என்றார்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டைப் பெண்ணின் அப்பா வந்து பார்த்து, தண்ணீர் குடித்து, சரி என்று சொன்னால்தான் நிச்சயதார்த்தம். மோகனாவுக்கு முன்னால் எனக்கு வந்த ஒரு சம்பந்தம் வீடு பார்க்க வந்த அன்றுதான் நின்றது. வந்தவர்கள் தண்ணீரைக் குடிக்காமலேயே எழுந்து போய்விட்டார்கள். அம்மா அந்தச் சொம்பை அதன்பிறகு வெளியே எடுக்கவே இல்லை. இந்த முறை அப்படி ஆகிவிடக் கூடாது. மோகனா எனக்கு வேண்டும். அவள் அப்பாவுக்கு என்னிடம் பிடித்த ஒரே விஷயமோ நான் அவிழ்த்துவிட்ட பொய்.

பொய்யை உண்மையாக்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை வாசலில் நிறுத்திச் செயினைக் கழற்றினேன்.

"இன்னாடா பண்ணிகினு கீற?" என்றார் நைனா.

"செயின் சர்வீஸ் நைனா."

"அது நல்லாத்தான கீது?"

"நல்லா இருக்கறப்பவே பாக்கணும் நைனா. அதுக்குப் பேருதான் மெயின்டனன்ஸ்."

நைனா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். வண்டியை ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளியாயிற்று, இனிமேல் சாமிதான் என்பதுபோல் இருந்தது அந்த நடை.

செயின் சர்வீஸ் ஒன்றும் பெரிய வித்தையில்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்து அழுக்கை எடுக்க வேண்டும். கண்ணிக்கு ஒரு சொட்டு ஆயில். பிறகு செய்ய வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. "இதுதான் ரொம்ப முக்கியம்" என்று வீடியோக்காரர் விரலைத் தூக்கியபோது ரயில் திருவாலங்காடு தாண்டியது. சிக்னல் போய்விட்டது. அரக்கோணத்தில் சிக்னல் வந்தபோது எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. அந்த முக்கியமான காரியம், மிச்ச ஆயிலைத் துணியால் துடைத்துவிடுவது. நான் அதை, இன்னும் நிறைய ஆயில் ஊற்றுவதாக இருக்கும் என்று ஊகித்துக்கொண்டேன். பம்புசெட்டுக்கு வைத்திருந்த ஆயில் கேனை எடுத்துச் செயின் தலைமேல் கவிழ்த்தேன். செயினுக்கு எண்ணெய்க் குளியல்.

அடுத்தது லாக். செயினின் இரண்டு முனைகளையும் சேர்க்கும் இணைப்பின்மேல் மீன் மாதிரி ஒரு சின்னத் தகடு மாட்ட வேண்டும். செயின் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் மீனின் தலை இருக்க வேண்டும். வால் முன்னால் இருந்தால் ஓட்டத்தில் தெறித்துவிடும். நான் என் மீனைப் பின்னோக்கி நீந்தவிட்டேன். செயினுக்குக் கொஞ்சம் தொய்வும் வேண்டும், விரலால் அழுத்தினால் லேசாக மேலும் கீழும் அசைய வேண்டும். அந்தத் தொய்வை வண்டியின் சோம்பேறித்தனம் என்று நினைத்து இழுத்து முறுக்கிவிட்டேன்.

எல்லாம் முடிந்தபிறகு செயின் கவர் மட்டும் தரையில் கிடந்தது. எப்படிப் போட்டாலும் பொருந்தவில்லை. வெளியே எடுத்தது நான்தானே, உள்ளே போக மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? கடைசியில் அதைக் கொண்டுபோய்க் கொல்லைப்புறச் சுவரில் ஆணியில் மாட்டினேன். யாராவது கேட்டால் "செயினுக்குக் காத்தோட்டம் வேணும்" என்று சொல்லத் தயாராக இருந்தேன். யாரும் கேட்கவில்லை. அது இன்னும் எனக்கு வருத்தம்.

மறுநாள் காலை அம்மாவின் குரலில்தான் கண் விழித்தேன்.

"டேய் தயாளா! உன் வண்டி என் கோலத்துல ஒண்ணுக்குப் போயி வெச்சிருக்குதுடா!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். வண்டிக்கு அடியில், இஞ்சினுக்கு நேர் கீழே, கறுப்பாக ஆயில். தாமரைக் கோலத்தின் நடுவில் சொட்டி இதழ்வரைக்கும் ஓடியிருந்தது. அடுத்த நாளும் சொட்டியது. அதற்கடுத்த நாள் அம்மா தாமரையை வண்டியைவிட்டுத் தள்ளிப் போட்டார்.

"இஞ்சின்ல ஆயில் லீக்கு நைனா" என்று அறிவித்தேன்.

"நீ தொடற வரிக்கும் ஒழுவலியேடா" என்றார் நைனா.

"லீக்கு உள்ளாற இருந்திருக்கும் நைனா. இப்பதான் வெளிய தெரியுது."

இப்படிப்பட்ட பதில்கள் அந்தக் காலத்தில் எனக்கு யோசிக்காமலேயே வரும். இஞ்சினில் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க ஓர் அருமையான வழியும் வீடியோவில் இருந்தது. இஞ்சினை நன்றாகத் துடைத்துவிட்டு, அதன்மேல் முகப் பவுடரைத் தூவி, வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். எந்த இடத்தில் பவுடர் நனைந்திருக்கிறதோ அங்கேதான் ஓட்டை. கிருத்திகை அன்று காலை லீவு போட்டுவிட்டு அந்தச் சோதனைக்கு இறங்கினேன். மறுநாள் தணிகாசலம் வருகிறார், அதற்குள் ஒழுகலை நிறுத்தியாக வேண்டும்.

வீட்டில் பவுடர் டப்பா காலி. ஆனால் திருத்தணியில் எந்த வீட்டிலும் தீராத ஒரு வெள்ளைப் பொடி இருக்கிறது. மலைக்கு வருகிற சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, ஆளுக்கொரு விபூதிப் பொட்டலத்தை வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். (மலைக்கு அடியிலேயே இருப்பவர்களுக்கு மலை விபூதி எதற்கு என்று ஒருத்தரும் யோசித்ததில்லை.) அம்மா அதையெல்லாம் ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவில் கொட்டி வைத்திருந்தார். டப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். இஞ்சினின் தலை, வயிறு, இடுப்பு என்று ஓரிடம் விடாமல் பூசினேன். முடிந்ததும் பார்த்தால் வண்டி சிவப்பழமாக நின்றது.

அம்மா எட்டிப் பார்த்தார். என்னவோ தப்பாக நினைக்கப்போகிறார் என்று பயந்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "உனக்கும் புத்தி வந்துட்ச்சா! அப்புடியே மல மேல போயி ஒரு அர்ச்சன பண்ணிட்டு வந்துடுடா. நாளிக்கு நல்ல காரியம்" என்று தேங்காய், பழத்தைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

மலைப்பாதை ஏற்றத்தில் வண்டி முக்கி முனகிப் போனது. சோதனைக்கு இதைவிட நல்ல ரோடு கிடையாது. மேலே கிருத்திகைக் கூட்டம். திரும்பின பக்கமெல்லாம் மொட்டைத் தலை, காவடி, அரோகரா. வண்டியை ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டுக் கியூவில் நின்றேன். சாமியிடம் இரண்டே வேண்டுதல்கள்தான். மோகனா அமைய வேண்டும். ஓட்டை கிடைக்க வேண்டும்.

கும்பிட்டுத் திரும்பி வர வெகுநேரம் ஆகிவிட்டது. வண்டி ஆறிப்போயிருந்தது. ஹேண்டிலில் யாரோ ஒரு துண்டு கனகாம்பரம் சுற்றியிருந்தார்கள். ஹெட்லைட்டில் குங்குமம். பக்கத்தில் ஒரு புது வண்டிக்குப் பூஜை நடந்துகொண்டிருந்தது. தவறிப்போய் எனக்கும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள்போல என்று நினைத்துக் குனிந்து இஞ்சினைப் பார்த்தேன்.

இஞ்சினின் தலைப் பக்கம், மேல் மூடியை ஒட்டி, விபூதி வழித்துவிட்டதுபோல் போயிருந்தது. அந்த இடம் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு மின்னியது.

கிடைத்துவிட்டது! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விரலால் தொட்டு முகர்ந்தேன். நெய் வாசனை அடித்தது. சூடேறின இஞ்சின் ஆயில் இப்படித்தான் மணக்கும்போல என்று எண்ணிக்கொண்டேன். வேறு பக்கம், அடிப்பக்கம் எதையும் பார்க்கவில்லை. சாமியே காட்டிக்கொடுத்தபிறகு அங்கெல்லாம் என்ன பார்வை?

வீட்டுக்கு வந்ததும் அந்த மேல் மூடியின் போல்ட்டுகளை முறுக்க ஆரம்பித்தேன். அந்த நேரம் பாவா வந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர், இரண்டு தெரு தள்ளி வீடு. என் மேல் பிரியம் அதிகம், என் திறமை மேல் நம்பிக்கை கம்மி.

"இன்னா மச்சான், வண்டிக்குப் பட்டை போட்டாச்சி. மொட்ட எப்ப?"

"சும்மா இருங்க பாவா. லீக்க கண்டுபுடிச்சிட்டேன். இன்னும் ஒரே ஒரு முறுக்கு."

அந்த ஒரு முறுக்கில்தான் 'நறுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப்பிறகு போல்ட்டு இரண்டு பக்கமும் சும்மா சுற்றியது, நான் எந்தப் பக்கம் திருப்பினாலும் சம்மதம் என்று. உள்ளே மரை போய்விட்டது.

பாவா தரையில் உட்கார்ந்துவிட்டார். "மச்சான், நாளிக்கு அவர நான் ஆட்டோவுல இட்டாந்துடறேன்."

"வேணாம் பாவா. வண்டியிலதான் வருவேன்னு சொல்லிகீறாரு."

"வண்டியிலன்னுதான சொன்னாரு? இந்த வண்டியிலன்னா சொன்னாரு?"

நான் கேட்கவில்லை. போல்ட்டைச் சுற்றிப் பசையை அப்பி, அதன்மேல் கொஞ்சம் விபூதியும் தூவினேன். அந்த விபூதி சோதனைக்காக அல்ல, வேண்டுதலுக்காக.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் தணிகாசலம் இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வேட்டி மடிப்புக் கலையாத புதுசு. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"வண்டிக்கு விபூதியா?"

"ஆங், நேத்து கிருத்திகைங்க மாமா."

"நல்லது, நல்லது" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். அவர் கனத்துக்கு வண்டி இறங்கியதும், ஏற்கெனவே முறுக்கேறி நின்ற செயின் இன்னும் முறுக்கிக்கொண்டு 'கீங்ங்' என்றது. சத்தம் கேட்காமலிருக்க உரக்கப் பேசிக்கொண்டே ஓட்டினேன். நெல் விலை, மழை, ரயில் நெரிசல் என்று வாய்க்கு வந்ததெல்லாம். நடுவில் இஞ்சினிலிருந்து புகை எழும்பியது. பசை இளகி, ஆயில் சூட்டில் பட்டுக் கருகியது. விபூதியும் புகையும் சேர்ந்து நாங்கள் பல்லக்கில் போவதுபோல் போனோம்.

"இன்னா தம்பி, எங்கியோ கருவுதே?"

"பக்கத்துல குப்ப கொளுத்தறாங்க மாமா."

மார்க்கெட் முனையில் திரும்பும்போது 'சடசடசட' என்று ஒரு சத்தம். இஞ்சின் ஊரைக் கூட்டியது. வண்டி நகரவில்லை. திரும்பிப் பார்த்தேன். நைனா வண்டியின் செயின் நடுரோட்டில் நீட்டிப் படுத்திருந்தது. பின்னோக்கி நீந்திய மீன் ஓடிப்போய்விட்டது.

பூக்கடை அம்மா ஒருத்தி எழுந்து நின்று பார்த்தாள். "இன்னா கண்ணு, வண்டிக்கு அரணாக்கயிறு அறுந்துட்ச்சா?" என்றாள். மார்க்கெட்டே சிரித்தது. தக்காளி வாங்க வந்தவர்கள் தக்காளியை மறந்தார்கள்.

தணிகாசலம் இறங்கினார். அப்போதுதான் அவர் வேட்டியைப் பார்த்தேன். இடது தொடையில் ஆரம்பித்து இடுப்பு வரைக்கும் வளைந்து வளைந்து கறுப்புப் புள்ளிகள். சட்டை முதுகிலும் பாதி வரை ஏறியிருந்தன. ஆணியில் தொங்கிய செயின் கவர் என் கண் முன்னால் வந்துபோனது.

குனிந்து இஞ்சினைப் பார்த்தேன். நான் அப்பிய பசைக்குக் கீழே கறுப்பாக ஒரு கோடு வழிந்திருந்தது. அதை விட்டால் மற்ற இடமெல்லாம் நேற்றுப் பூசிய விபூதி அப்படியே காய்ந்து கிடந்தது. இடது பக்க அடி மூடி மட்டும் சொதசொதவென்று நனைந்திருந்தது. அந்த மூடிக்குள் இருப்பது இஞ்சினே அல்ல. செயின் சுற்றி வரும் முன்பக்கப் பல்சக்கரம். நான் செயின் தலையில் கவிழ்த்த ஆயில்தான் சுற்றிச் சுற்றி அந்த மூடிக்குள் சேர்ந்து, ராத்திரியெல்லாம் சொட்டி, அம்மாவின் தாமரையில் இறங்கியிருக்கிறது. விபூதி நேற்றே சரியாகச் சொல்லிவிட்டது. நான்தான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஒழுகாத இஞ்சினுக்கு வைத்தியம் பார்த்து, ஒழுக வைத்திருக்கிறேன்.

"இதெல்லாம் நீங்களே பண்ணதா தம்பி?" என்றார் தணிகாசலம்.

"ஆங்."

"எல்லாமேவா?"

"எல்லாமேதாங்க மாமா."

அவர் ஒரு தடவை பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பிப் பார்த்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போய்விடுவார். அம்மா இன்றைக்கென்று வெளியே எடுத்து விளக்கி வைத்திருக்கும் சொம்பு அப்படியே இருக்கும். பஞ்சு ஒட்டிய அந்தத் தலைமுடியை வேறு எவனோ பார்ப்பான்.

அவர் போகவில்லை. ரோட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "லாக்கு இங்கதான் எங்கனா வுழுந்திருக்கும், தேடுங்க" என்றார். நாங்கள் தேடினோம். பூக்கடை அம்மா தேடினாள். காய்கறி வாங்க வந்தவர்கள் கூடையை இறக்கிவிட்டுத் தேடினார்கள். என்ன தேடுகிறோம் என்று தெரியாமலே சிலர் தேடினார்கள். கிடைக்கவில்லை. செயினைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"ஆட்டோவுக்குப் போன் பண்றேன் மாமா."

"வேணாம். கிட்டத்தான? நீங்க ஹேண்டில புடிங்க. நான் பின்னாடி ஒரு கை குடுக்கறேன்."

பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு பார்க்கப் போனது எங்கள் தெருவில் அதற்கு முன்னாலும் நடந்ததில்லை, பின்னாலும் நடக்கவில்லை. பாதி வழியில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, மோகனாவப் புடிச்சிருக்குதா?"

"ரொம்பங்க மாமா" என்றேன். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாததால் சுலபமாகச் சொல்ல முடிந்தது.

கொஞ்ச தூரம் தள்ளினார். பிறகு தானாகவே சிரித்தார். "அவளும் இப்புடித்தான். நானே பாத்துக்கறேன்னு சொல்லிட்டு ஒரு தபா தறியக் கழட்டிப் போட்டுட்டா. அத சேக்கறதுக்குள்ள எனக்குத் தாலி அறுந்துட்ச்சி."

வீட்டு வாசலில் நைனா நின்றிருந்தார். வண்டியைப் பார்த்தார், பையில் தொங்கும் செயினைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "வாங்கண்ணே" என்று வரவேற்று நாற்காலியைப் போட்டார். பீரோவிலிருந்து தன் புது வேட்டியை எடுத்து வரச் சொல்லி அம்மாவிடம் கண் காட்டினார்.

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்று தணிகாசலம் நாற்காலிப் பக்கம் வந்து, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து இறக்கினார்.

'டிங்' என்று தரையில் ஏதோ விழுந்தது.

நான், நைனா, ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு வந்திருந்த பாவா, அடுக்களை வாசலில் சொம்போடு அம்மா, எல்லோரும் குனிந்து பார்த்தோம். மீன்! தெறித்த லாக் அவர் வேட்டி மடிப்புக்குள்தான் விழுந்திருக்கிறது. மார்க்கெட்டே தரையில் தவழ்ந்து தேடியதை அவர் மடியில் கட்டிக்கொண்டே எங்களோடு தேடியிருக்கிறார்.

அவர் அதை எடுத்தார். வேட்டியில் ஏற்கெனவே கறை படிந்த இடமாகப் பார்த்துத் துடைத்தார். என்னிடம் நீட்டினார்.

"இந்தாங்க மாப்ள."

அதுவரை நான் தம்பி. அம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது, முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது, நான் இன்னும் மீனின் தலை எது, வால் எது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆயிலு என் வேட்டியில கீது, லாக்கு என் மடியில கீது. இதுக்கு மேல இந்த சம்பந்தத்த உட்டுட்டு நான் எங்க போறது?" என்று சொல்லிவிட்டு, தணிகாசலம் சொம்பை வாங்கி மடமடவென்று குடித்தார். "ஆனா ஒண்ணு மாப்ள. எங்க வூட்டுத் தறி மேல மட்டும் நீங்க கைய வெக்கக் கூடாது. அங்க ஏற்கெனவே ஒரு ஆளு கீது."

பாவா வெளியே ஓடிப்போய் ஆட்டோவில் சாய்ந்துகொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டதாக அக்கா சொல்வாள்.

அன்று சாயங்காலம் நைனா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் துண்டை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆயிலும் விபூதியும் சேர்ந்து கெட்டிப்பட்டதையெல்லாம் மெதுவாகத் துடைத்தார். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "உனுக்காவ அடி வாங்கிகினுகீது பாவம்" என்று வண்டியைத் தட்டிக்கொடுத்தார். துண்டின் மறுமுனையை என்னிடம் கொடுத்தார். இருவரும் துடைத்தோம். நைனா இப்போது இல்லை. அவரோடு நான் எவ்வளவோ பேசியிருக்கிறேன், ஆனால் முதலில் நினைவுக்கு வருவது அதிகம் பேசாமல் வண்டி துடைத்த அந்தச் சாயங்காலம்தான்.

கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தில்தான் மோகனா முழுக் கதையையும் கேட்டாள். சொன்னது பாவா. விபூதி டப்பா, சிவப்பழமான வண்டி, மலைப் பயணம் என்று அவர் நடித்துக் காட்டக் காட்ட, இலையில் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். மோகனா மட்டும் சிரிக்கவில்லை. கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது.

"கிருத்திக அன்னிக்கா? மரத்தடியிலயா?" என்றாள்.

"ஆங்" என்றேன்.

"ஹேண்டில்ல கனகாம்பரம் இருந்துச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பூவைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதே இல்லை.

"அது என் தலையில இருந்த பூவு" என்றாள். "நானும் அம்மாவும் அன்னிக்கு மலைக்கு வந்திருந்தோம். மறுநாளு எங்கப்பா வீடு பாக்கப் போறாரே, நல்ல சேதியோட வரணும்னு நெய் வெளக்கு ஏத்திட்டு வந்தேன். ஆந்திராக்காரங்க ஒரு குடும்பமே அந்த வண்டியச் சுத்தி நின்னு கும்புட்டுகினு இருந்தாங்க. இன்னான்னு கேட்டா, வேண்டுதல் வண்டின்னாங்க. ஆளாளுக்கு ஒரு சிட்டிக விபூதி எடுத்து நெத்தியில வெச்சிகினாங்க. நானும் கும்புட்டுட்டு, மேல மூடி கிட்ட இருந்து வழிச்சி எடுத்து வெச்சிகினேன். கையெல்லாம் நெய்யி."

நெய்! நான் முகர்ந்து பார்த்து, இஞ்சின் ஆயில் என்று எண்ணி, மரை போகும்வரை முறுக்கியது அவளுடைய விரல் தடம்.

பாவாவுக்குச் சாப்பிட முடியவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்து போய் வாசலில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். என் மாமனார் மட்டும் அமைதியாக மோர் ஊற்றிச் சாப்பிட்டு முடித்தார். "அப்ப ஓட்ட போட்டது எங்க பொண்ணுதான்" என்றார்.

நைனாவின் வண்டி இப்போது என்னிடம் இருக்கிறது. ஸ்டேஷனுக்குப் போய் வருகிறேன். செயின் கவரை ஆணியிலிருந்து இறக்கி மெக்கானிக்தான் மாட்டினார். செயினுக்கு ஆயில் விட்டால் துடைத்துவிடுகிறேன், மீனும் முன்னோக்கித்தான் நீந்துகிறது. மேல் மூடியில் அந்த ஓரிடத்தில் மட்டும் லேசாக ஆயில் கசியும். ஒரு மரை போட்டால் நின்றுவிடும் என்று மெக்கானிக் பல தடவை சொல்லிவிட்டார். நான் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். காலையில் நைனாவின் துண்டால் அந்த இடத்தைத் துடைப்பேன், அவ்வளவுதான்.

வீட்டில் குழாய் ஒழுகினாலும், கூரை ஒழுகினாலும், சின்னவளுக்கு மூக்கு ஒழுகினாலும், நான் எழுந்து பார்க்கப் போவதற்குள் அடுக்களையிலிருந்து மோகனாவின் குரல் வந்துவிடும்.

"இருங்க, இருங்க. விபூதி எடுத்துகினு வர்றேன்."